மினிமம் பேலன்ஸ் அபராதமா? முதலில் எஸ்எம்எஸ்ஸைத் தேடுங்கள்

சேமிப்புக் கணக்கில் குறைந்தபட்ச இருப்பு இல்லையென்று பணம் பிடித்திருந்தால், பிடித்த தேதிக்கு ஒரு மாதம் முன்பே வங்கி உங்களுக்கு எச்சரிக்கை அனுப்பியதா என்று பாருங்கள். எஸ்எம்எஸ், மின்னஞ்சல், கடிதம் எதிலுமே வரவில்லையென்றால், பணத்தைத் திருப்பிக் கேட்டு கிளைக்கு எழுத்தில் கொடுங்கள்.

2015 ஏப்ரல் 1 முதல் நடப்பில் உள்ள ரிசர்வ் வங்கி விதி இது: முதலில் தகவல் சொல்ல வேண்டும், இருப்பைச் சரிசெய்யக் குறைந்தது ஒரு மாதம் தர வேண்டும், அதன் பிறகே அபராதம். அதுவும் குறையும் தொகைக்கு ஏற்ற விகிதத்தில்தான். இந்த அபராதத்தால் மட்டுமே கணக்கு மைனஸுக்குப் போகவும் கூடாது. 120 ரூபாய் இருந்த கணக்கில் ஜிஎஸ்டியோடு 236 ரூபாய் பிடித்து, பாஸ்புக்கில் மைனஸ் 116 என்று காட்டினால் அந்த மைனஸை நீங்கள் கட்ட வேண்டியதில்லை. கணக்கை மூடப் போகிறவர்களிடம் இதைக் கேட்டு வாங்குவது அநியாயம், கொடுக்காதீர்கள்.

மனுவின் நகலில் முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். 30 நாளில் பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளரிடம் போகலாம், கட்டணம் கிடையாது.

நடப்புக் கணக்குக்கும், இஎம்ஐ அல்லது செக் திரும்பியதற்கான கட்டணத்துக்கும் இது பொருந்தாது. எச்சரிக்கை வந்தும் ஒரு மாதம் தாண்டிவிட்டதா? அப்படியானால் அடிப்படை சேமிப்புக் கணக்காக மாற்றித் தரச் சொல்லுங்கள். அதில் குறைந்தபட்ச இருப்பே தேவையில்லை.