ஒருவர் ஆட, மூவர் பேச: ஸ்டோரி கேமுக்குக் குழு கமெண்ட்ரி சேனல் பிடிப்பது எப்படி

தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் கேம் வீடியோ பார்ப்பவர்களின் யூடியூப் முகப்பைத் திறந்தால் பெரும்பாலும் கடைசி வரை உயிரோடு நிற்பவர் வெல்லும் பேட்டில் ராயல் கேம்கள்தான் கொட்டிக் கிடக்கும். அதில் நாலு பேர் பேசுவது சாதாரணம், ஆடுவதே நாலு பேர். கதையை முன்வைத்து ஓடும் ஸ்டோரி கேம் அப்படியில்லை. கன்ட்ரோலர் ஒன்று, ஆடுபவர் ஒருவர், பேசுபவரும் ஒருவர் என்றே பல சேனல்கள் ஓடுகின்றன. ஒருவர் ஆட, பக்கத்தில் இரண்டு மூன்று பேர் உட்கார்ந்து வாயாடும் சேனல்களும் ஏராளம். ஆனால் அவை தேடலில் லேசில் மேலே வராது. தலைப்பில் கேமின் பெயரும் பாகத்தின் எண்ணும் இருக்கும், எத்தனை பேர் பேசுகிறார்கள் என்பது இருக்காது. யூடியூப் ஃபில்டரிலும் அதற்கென்று ஒரு கட்டம் கிடையாது.

அதனால் சேனலைத் தேடாதீர்கள், கேமைப் பிடித்துத் தேடுங்கள். அதுவும் நீங்களே ஏற்கெனவே ஆடி முடித்த கேமாக இருக்கட்டும். கதை எங்கே திரும்புகிறது, எந்த பாஸிடம் (கட்டத்தின் முடிவில் வரும் பெரிய எதிரி) எல்லோரும் பத்து முறை சாகிறார்கள், எந்த வசனத்தைத் தவறவிட்டால் பின்னால் ஒன்றும் புரியாது என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியும். அந்த இடங்களில் ஒரு குழு என்ன செய்கிறது என்று பார்த்தால் பத்து நிமிடத்தில் எடை போட்டுவிடலாம். ஆடாத கேமில் சேனலைச் சோதித்தால் கதையும் கெடும், சேனலும் பிடிபடாது.

தேடற்சொற்களை இங்கே தமிழ் எழுத்தில் தந்தாலும் ஆங்கில எழுத்தில் தட்டுங்கள். கேமின் பெயரை மேற்கோள் குறிக்குள் போட்டு, கூடவே ‘லெட்ஸ் ப்ளே’ (பேசிக்கொண்டே ஆடும் வீடியோ), ‘கோ கமெண்ட்ரி’, ‘வித் ஃப்ரெண்ட்ஸ்’, ‘ப்ளைண்ட்’ ஆகியவற்றில் ஏதாவது ஒன்றைச் சேர்க்கலாம். ஒரே நேரத்தில் எல்லாவற்றையும் அடுக்கினால் முடிவுகள் குழம்பும். ‘ப்ளைண்ட்’ என்றால் ஆடுபவர் அந்த கேமை முதல்முறையாகத் தொடுகிறார் என்று பொருள். ‘கோ ஆப்’ என்ற சொல் பக்கமே போகவேண்டாம். இரண்டு பேர் சேர்ந்து ஆடும் கேம்கள்தான் வந்து குவியும். ‘வாக்த்ரூ’ என்றால் வழிகாட்டி வீடியோ, பெரும்பாலும் ஒற்றைக் குரல். ‘லாங்ப்ளே’ என்றால் பேச்சே இருக்காது. தேவையில்லாத சொல்லுக்கு முன்னால் இடைவெளி விடாமல் கழித்தல் குறி போட்டால் யூடியூப் அதை ஓரளவு விலக்கும். ‘நோ கமெண்ட்ரி’ வீடியோக்களை ஒதுக்க அந்த இரண்டு சொல்லையும் மேற்கோள் குறிக்குள் வைத்து முன்னால் கழித்தல் போடுங்கள். ‘கமெண்ட்ரி’யை மட்டும் கழித்தால் வேண்டியதும் சேர்ந்து போய்விடும்.

அடுத்து ஃபில்டரில் வகையை ‘ப்ளேலிஸ்ட்’ என்று மாற்றுங்கள். பலர் விடுவது இந்தப் படியைத்தான். தனி வீடியோவாகத் தேடினால் அதிகம் பார்க்கப்பட்ட துண்டுகளும் சிரிப்புத் தொகுப்புகளும்தான் மேலே நிற்கும். ப்ளேலிஸ்டாகத் தேடினால் முதலிலிருந்து கடைசி வரை ஆடியவர்கள் வருவார்கள். பழைய தொடர் வேண்டுமென்றால் தேடற்சொல்லோடு ‘பிஃபோர்’, ஒரு முக்காற்புள்ளி, ஆண்டு என இடைவெளியின்றிச் சேருங்கள். 2019 என்று போட்டால் அதற்கு முன் ஏற்றியவை மட்டும் வரும். ‘ஆஃப்டர்’ அதற்கு நேர் எதிர்.

ப்ளேலிஸ்ட் கிடைத்ததும் முதல் பாகத்தைத் திறக்காமல் கடைசிப் பாகத்தைப் பாருங்கள். முடிவுக் காட்சியும் பெயர்ப் பட்டியலும் ஓடினால் தொடர் முழுசு. இல்லையென்றால் பாதியில் கைவிட்டது. கதாபாத்திரத்தை வளர்த்துக்கொண்டே போகும், நாற்பது மணி நேரம் பிடிக்கும் ஆர்பிஜி கேம்களில் இது அடிக்கடி நடக்கும். பாகத்துக்குப் பாகம் பார்வையாளர் குறைவார்கள், குழுவும் சலித்து அடுத்த கேமுக்குத் தாவிவிடும்.

எடை போடுவது

நடுவிலிருந்து ஒரு பாகத்தை எடுங்கள், உங்களுக்கு நன்றாகத் தெரிந்த காட்சி வரும் பாகமாக. முதலில் அறையில் யாருக்கு கேம் தெரியும், யாருக்குத் தெரியாது என்று கண்டுபிடியுங்கள். கன்ட்ரோலர் பிடித்தவர் புதியவர், பக்கத்தில் இருப்பவர் முன்பே முடித்தவர் என்றால் அதுதான் நல்ல சேர்மானம். நம் ஊர்த் தெருக்கூத்தில் ராஜா வேஷம் வந்து நின்றதும் கட்டியக்காரன் குறுக்குக் கேள்வி கேட்டே கதையை நகர்த்துவானே, அந்த வேலையை இங்கே பக்கத்து ஆள் செய்கிறார். விடையைச் சொல்லாமல் சீண்டத் தெரிந்தவராக இருந்தால் தொடர் களைகட்டும். “இடப்பக்கம் போ, பெட்டியைத் திற” என்று வழி சொல்லிக்கொண்டே இருந்தால் ஆடுபவர் வெறும் கையாகிவிடுவார். எல்லோருமே புதியவர்கள் என்றால் புதிர் கேம்களில் வழி தெரியாமல் சுற்றியே பாதி நேரம் போகும். எல்லோருக்குமே கேம் மனப்பாடம் என்றால் பேச்சு கேமை விட்டுச் சாப்பாடு, சினிமா என்று ஓடிவிடும். அதைப் பின்னணியில் ஓடவிட்டு வேறு வேலை பார்க்கலாம், கதைக்காகப் பார்க்க முடியாது.

அடுத்த சோதனை கட்சீன், அதாவது ஆட்டம் நின்று கதை மட்டும் படமாக ஓடும் இடம். கதாபாத்திரம் பேசும்போது குழு வாயை மூடுகிறதா? இடையில் ஒரு வரி நக்கல் பரவாயில்லை. வசனத்தின் மேலேயே பேசினால் அந்த சேனலில் ஸ்டோரி கேம் பார்ப்பது வீண். சப்டைட்டிலை நம்பியும் பயனில்லை. யூடியூபின் தானியங்கி எழுத்து கேம் வசனத்தையும் மூன்று பேர் பேச்சையும் ஒன்றாகக் கலந்து தரும், யார் சொன்னது என்று காட்டாது. கேமுக்குள்ளேயே இருக்கும் சப்டைட்டிலை இயக்கி ஆடுகிற குழுவைத் தேர்ந்தெடுங்கள். ஒலியையும் கவனியுங்கள். ஒரே மைக்கில் எல்லோரும் பேசினால் தள்ளி உட்கார்ந்தவர் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வரும். இயர்போனில் ஐந்து நிமிடம் கேட்டாலே தெரிந்துவிடும். வீட்டுக்கூடத்தில் ஸ்பீக்கரில் போட வேண்டாம் என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு: இவர்களில் பலருக்குக் கெட்ட வார்த்தை இல்லாமல் பாஸ் சாகாது.

எங்கிருந்து தொடங்கலாம்

ஆங்கிலம் பழக்கமென்றால் பழைய களஞ்சியங்களே போதும். ஜயன்ட் பாம் தளத்தில் ஜெஃப் கெர்ஸ்ட்மனும் வின்னி கராவெல்லாவும் 2009இல் பெர்சோனா 4 கேமை ‘எண்ட்யூரன்ஸ் ரன்’ என்ற பெயரில் தொடக்கம் முதல் முடிவு வரை ஆடினார்கள். இரண்டு பேர் ஒரு நீண்ட ஆர்பிஜியை எப்படித் தாங்கிப் பிடிப்பது என்பதற்கு அது பாடம். சூப்பர் பெஸ்ட் ஃப்ரெண்ட்ஸ் ப்ளே குழு 2018 டிசம்பரில் கலைந்தது. கதையைப் பிரித்து மேய்ந்து சண்டை போடுவதுதான் இவர்கள் பலம். 2012இல் தொடங்கிய கேம் க்ரம்ப்ஸ் இதற்கு நேரெதிர், அங்கே கேம் ஒரு சாக்கு, அரட்டைதான் முக்கியம். பிரிட்டனின் அவுட்சைட் எக்ஸ்பாக்ஸ் குழு ஹிட்மேன் கேமின் ஒரே பணியை மூன்று பேர் மூன்று விதமாக ஆடிக் காட்டும். ஹிட்மேனை முடித்தவர்கள் அதைத் தவறவிடக் கூடாது.

கேமின் உள்ளடக்கத்தையே அலச விரும்புவோர் கேம்ஸ் டன் க்விக் பக்கம் போகலாம். 2010இலிருந்து நடக்கும் அறநிதி நிகழ்ச்சி இது. ஒருவர் கேமை அதிவேகமாக முடிக்க, பின்னால் சோபாவில் இருக்கும் அதே கேமின் மற்ற வீரர்கள் எந்தச் சுவரை எப்படி ஊடுருவினார், எந்த பக்கை (நிரல் பிழையை) எதற்குப் பயன்படுத்தினார் என்று விளக்குவார்கள். கேமின் பெயரோடு நிகழ்ச்சியின் சுருக்கப் பெயரான ‘ஜிடிக்யூ’வைச் சேர்த்துத் தேடினால் போதும். கேமை உருவாக்கியவர்களே இப்படிப்பட்ட வேக ஓட்டத்தைப் பார்த்து வாய்பிளக்கும் தொடர் ஒன்றை கேம் செய்தித் தளமான ஐஜிஎன் வெளியிட்டிருக்கிறது, அதுவும் நன்றாக இருக்கும்.

தமிழில் முழுத் தொடராகக் குழு கமெண்ட்ரி குறைவு. கிடைப்பது பெரும்பாலும் லைவ்: ஒருவர் ஆடுவார், நண்பர்கள் டிஸ்கார்ட் என்ற அரட்டைச் செயலியில் குரலாக வருவார்கள். ‘தமிழ் ஹாரர் கேம் லைவ்’, ‘ஸ்டோரி கேம் தமிழ்’ என்று தேடி, சேனலின் ‘லைவ்’ பகுதிக்குள் போய்ப் பாருங்கள். ‘வீடியோஸ்’ பகுதியில் வெட்டிய துண்டுதான் இருக்கும். பயமுறுத்தும் கேமிலும், கதையை நாமே தேர்ந்தெடுக்கும் அண்டில் டான், டெட்ராய்ட் போன்றவற்றிலும் நம் ஆட்களின் வாய்ச்சண்டை நன்றாக எடுபடும். ஒவ்வொரு முடிவுக்கும் ஒரு வாக்குவாதம் நிச்சயம். ஓசூர், தளிப் பக்கம் தெலுங்கும் கன்னடமும் புழங்கும் வீட்டுக்காரர்களுக்கு இன்னும் வசதி, மொழிப் பெயரை மட்டும் மாற்றி இதே தேடலைச் செய்யலாம்.

நேரலைத் தளமான ட்விட்சில் பிடித்த குழு இருந்தால் தள்ளிப்போடாதீர்கள். அங்கே பழைய ஒளிபரப்பு, அந்தத் தளம் சேனலுக்குத் தந்திருக்கும் தகுதிநிலையைப் பொறுத்து 7 முதல் 60 நாளில் அழிந்துவிடும். காப்புரிமைப் பாட்டு ஒலித்த இடங்களில் குரலும் சேர்ந்து ஊமையாகும். பல குழுக்கள் அதையே யூடியூபில் இரண்டாவது சேனலில் ஏற்றி வைப்பதுண்டு. சேனல் பெயரோடு ‘விஓடி’ (பழைய ஒளிபரப்பின் பதிவு) அல்லது ‘ஆர்க்கைவ்’ சேர்த்துத் தேடுங்கள்.

டேட்டா கணக்கும் போட்டுக்கொள்ளுங்கள். 480பி தரத்தில் மணிக்கு ஏறக்குறைய அரை ஜிபி, 720பி என்றால் ஒரு ஜிபியைத் தாண்டும். தினம் ஒன்றரை ஜிபி பேக்கில் முப்பது பாகத் தொடர் பார்ப்பவர் 480பிக்கு மேல் போக வேண்டியதில்லை, இங்கே காதுக்குத்தான் வேலை. அஞ்செட்டி, ஒகேனக்கல் மலைப்பாதையில் சிக்னல் விட்டு விட்டு வரும். வீடியோவுக்குக் கீழே டவுன்லோட் பொத்தான் இருந்தால் வைஃபையில் இறக்கிக்கொண்டு பஸ் ஏறுங்கள். இறக்கியது 48 மணி நேரத்திலோ, சில வீடியோக்களில் 29 நாள் வரையிலோ காலாவதியாகும். அதற்குள் ஒருமுறை இணையத்தைத் தொட்டாக வேண்டும்.

நல்ல குழு ஒன்று சிக்கியதும் முகப்பில் வரும் ஒற்றைக் குரல் சேனல்களின் மூன்று புள்ளியை அழுத்தி ‘இந்த சேனலைப் பரிந்துரைக்காதே’ என்று கொடுங்கள். வீட்டில் தம்பி தங்கைகளும் அதே ஃபோனில் பார்த்தால் பரிந்துரை மறுபடி குழம்பும், உங்களுக்குத் தனிக் கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்.