சேலம் போர் தண்ணீரில் மஞ்சள் சிக்லிட்

மேட்டூர் ஜிலேபி மீன் சாப்பிடாத சேலத்துக்காரர் குறைவு. அதுவும் சிக்லிட் என்ற மீன் குடும்பம்தான். அதே குடும்பத்தில், முதன்முதலாகத் தொட்டி வைப்பவர்களுக்கு நான் சொல்வது எல்லோ லேப். எலுமிச்சை மஞ்சள் உடம்பு, முதுகுத் துடுப்பில் கறுப்புக் கோடு, வளர்ந்தால் ஒரு விரல் நீளம். ஆப்பிரிக்காவின் மலாவி ஏரிதான் சொந்த ஊர்.

தண்ணீர்

பக்கெட்டில் வெள்ளைப் படலம் கட்டும் போர் தண்ணீரைப் பார்த்துப் பயந்து, ஆர்.ஓ. தண்ணீர் ஊற்றுகிறார்கள். வேண்டாம். மலாவி ஏரியின் பி.எச். (நீரின் அமில, காரத் தன்மையைக் காட்டும் அளவு) கிட்டத்தட்ட 8, இந்த மீனுக்குச் சுண்ணாம்புச் சத்து அதிகமுள்ள கடின நீர்தான் பிடிக்கும். உங்கள் போர் தண்ணீரின் பி.எச். 7.8-க்கு மேல் இருந்தால் அப்படியே ஊற்றலாம். கரிக்கிற அளவு உப்பாக இருந்தால் மட்டும் மேட்டூர் குழாய்த் தண்ணீரைக் கலந்துகொள்ளுங்கள். அதில் குளோரின் இருக்கும்; ஒரு நாள் திறந்து வைத்துவிட்டு ஊற்றுங்கள்.

தொட்டி

3 அடி நீளம், ஒன்றேகால் அடி அகலம், ஒன்றரை அடி உயரம். சுமார் 150 லிட்டர் பிடிக்கும். தண்ணீர் மட்டுமே 150 கிலோ, அதனால் ஸ்டாண்டு உறுதியாக இருக்கட்டும். கழுவிய கருங்கற்களை முதலில் அடித்தளத்தில் அசையாமல் அடுக்கி, அப்புறம் மணல் போடுங்கள். இந்த மீன் மணலைத் தோண்டும். மணல்மேல் வைத்த கல் சரிந்து கண்ணாடி உடையும். கற்களுக்கு நடுவே ஒளிந்துகொள்ள நிறையப் பொந்துகள் வேண்டும்.

காத்திருப்பு

இதில்தான் பலர் தவறுகிறார்கள். நானும் தவறினேன். தொட்டி நிரப்பிய மறுநாளே ஆறு மீன் விட்டேன். நான்காம் நாள் காலை இரண்டு மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. மாலைக்குள் இரண்டும் போய்விட்டன. மீன் கழிவு, மீனுக்கே விஷமான அம்மோனியாவாகும். அதை நைட்ரைட்டாகவும், பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியா ஃபில்டர் ஸ்பாஞ்சில் குடியேற நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். மீன் விடாமல் ஃபில்டரை ஓட்டி, தினமும் ஒரு சிட்டிகை தீவனம் போட்டு வாருங்கள்; அது அழுகி வரும் அம்மோனியாதான் பாக்டீரியாவுக்கு உணவு. டெஸ்ட் கிட்டில் அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் பூஜ்யம் காட்டி, நைட்ரேட் தெரிந்தபின் மீன் வாங்குங்கள். ஸ்பாஞ்சைக் குழாயில் கழுவாதீர்கள். தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரில் அலசினால் போதும்.

மீனும் பராமரிப்பும்

சிறியதாக ஆறு வாங்குங்கள். ஸ்பைருலினா என்ற பாசி கலந்த தீவனம், நாளுக்கு இரண்டு வேளை, இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவு. வாரம் கால் பங்கு தண்ணீர் மாற்றுங்கள். வெப்பம் 24 முதல் 27 டிகிரி. சித்திரை வெயிலில் மூடியைத் திறந்து வலை போட்டு, மேலே ஃபேன் காற்று படவிடுங்கள். ஏற்காட்டில் இருந்தால் ஹீட்டர் கட்டாயம்.

ஒரு நாள் ஒரு மீன் சாப்பிட வராமல், தாடை உப்பி, எதையோ மெல்லுவதுபோல வாயை அசைத்துக்கொண்டிருந்தால் நோய் என்று மருந்து ஊற்றிவிடாதீர்கள். அது தாய் மீன்; வாயில் முட்டை இருக்கிறது. மூன்று வாரத்துக்கும் மேல் பட்டினி கிடந்து அடைகாப்பாள். குஞ்சுகள் வெளிவந்ததும் கல் பொந்துக்குள் ஓடிவிடும். அப்போது தீவனத்தை விரலால் நுணுக்கிப் போடுங்கள்.