4-எச் மன்றத்தில் பிள்ளையைச் சேர்ப்போருக்கு: முதல் ஆண்டு வழிகாட்டி

அமெரிக்காவில், செய்து கற்கும் பயிற்சி தரும் இளையோர் அமைப்பான 4-எச்சின் மன்றத்தில் பிள்ளையைச் சேர்க்க விரும்பும் பெற்றோர் முதலில் அணுக வேண்டியது பள்ளியை அன்று, தாம் வசிக்கும் கவுண்ட்டியின் (மாவட்டம் போன்ற ஆட்சிப் பிரிவின்) வேளாண் விரிவாக்க அலுவலகத்தை; பல்கலைக்கழக ஆய்வை மக்களிடம் கொண்டு சேர்ப்பதே விரிவாக்கம். 1914ஆம் ஆண்டின் ஸ்மித்-லீவர் சட்டத்தால் உருவான விரிவாக்க அமைப்பை, மத்திய வேளாண் துறையின் துணையோடு அந்தந்த மாநிலத்தின் நிலக்கொடைப் பல்கலைக்கழகம் (மத்திய அரசின் நிலக்கொடைச் சட்டப்படி அமைந்தது) நடத்துகிறது; மன்றங்கள் அதன் கீழ் இயங்குகின்றன. பெரும்பாலான மாநிலங்களில் 5 முதல் 7 வயதினர் போட்டியில்லாத குளோவர்பட் பிரிவிலும், 8 முதல் 18 வயதினர் முழு உறுப்பினர்களாகவும் சேர்கின்றனர். கட்டணமும் பதிவுக்கான கடைசி நாளும் இடத்துக்கு இடம் மாறுவதால், இவற்றை அந்த அலுவலகத்திலேயே கேட்டறிக.

சேர்வதற்கு முன் ஓரிரு மன்றக் கூட்டங்களுக்குப் பிள்ளையுடன் சென்று பாருங்கள். தலைவர், செயலாளர், பொருளாளர் பொறுப்புகளைப் பிள்ளைகளே வகிக்க வேண்டும். ஒருவர் தீர்மானத்தை முன்மொழிய, மற்றொருவர் வழிமொழிய, விவாதித்து வாக்கெடுப்பதும் அவர்களே. பெரியவர்கள் மட்டுமே பேசி முடிக்கும் மன்றத்தில் தலைமைப் பயிற்சி பெயரளவில்தான் இருக்கும். சற்றுத் தொலைவானாலும் வேறு மன்றத்தைத் தேடுவது நல்லது.

அடுத்தது செயல்திட்டத் தேர்வு, அதாவது விலங்கு வளர்ப்பு, தோட்டம், சமையல் போன்றவற்றுள் பிள்ளை செய்யப்போகும் வேலையைத் தேர்ந்தெடுப்பது. பெரும்பாலோர் தடுமாறும் இடம் இதுவே. பிள்ளைகள் தம் செயல்திட்டங்களை நடுவர் முன் காட்டும் கவுண்ட்டிக் கண்காட்சியின் நாளை முதலில் குறித்துக்கொண்டு, அங்கிருந்து பின்னோக்கிக் கணக்கிடுங்கள். இறைச்சிக் கோழி 6 முதல் 8 வாரங்களில் வளர்ந்துவிடும். இறைச்சிக் காளையையோ கோடைக் கண்காட்சிக்குப் பல மாதங்கள் முன்பே வாங்கி, உரிய நாளுக்குள் பதிவு செய்தாக வேண்டும். சந்தைப் பிரிவில் (இறைச்சிக்காக வளர்த்தவற்றுக்கான பிரிவில்) காட்டப்படும் விலங்குகள் பெரும்பாலும் ஏலத்துக்கும் பின்னர் இறைச்சிக்கூடத்துக்கும் செல்கின்றன என்பதைக் குட்டியை வாங்கும் முன்பே பிள்ளையிடம் ஒளிக்காமல் சொல்லிவிடுங்கள். புலால் உண்ணாத வீட்டாருக்கு முட்டைக்கோழி, பால் ஆடு, காய்கறித் தோட்டம் போன்றவை பொருந்தும். கோழி வளர்ப்பதாயின், நகராட்சி விதிகள் அதற்கு இடம் தருகின்றனவா என்று பார்த்துக்கொள்ளுங்கள். அடுக்குமாடி வீட்டில் இருப்போருக்குச் சமையல், தையல், ஒளிப்படம், ரோபோ வடிவமைப்பு போன்ற திட்டங்களும் உண்டு. எதுவாயினும், அன்றாட வேலையைப் பிள்ளையே செய்ய முடிகிற அளவில் இருக்க வேண்டும்.

செயல்திட்டத்தின் உயிர் பதிவேட்டில்தான் இருக்கிறது. வாங்கிய விலை, தீவனத்தின் எடையும் செலவும், விலங்கின் எடை, நோய், இறப்பு ஆகிய அனைத்தையும் அந்தந்த வாரமே எழுதச் செய்யுங்கள். 200 பவுண்டு எடை கூடுவதற்குள் ஒரு பன்றி 600 பவுண்டு தீவனம் தின்றதெனக் கொண்டால், ஒரு பவுண்டு வளர்ச்சிக்கு 3 பவுண்டு தீவனம் என்று பிள்ளையே வகுத்துக் காண்பான். எந்தத் தீவனம் கட்டுப்படியாகும் என்ற கேள்வி அதன்பின் தானாகவே எழும். 4-எச் தோன்றிய விதமும் இதற்குச் சான்று. 1902இல் ஒஹாயோ மாநிலத்தின் கிளார்க் கவுண்ட்டியில் ஏ. பி. கிரஹாம் தொடங்கிய சிறார் மன்றம் அதன் முன்னோடிகளுள் ஒன்று. பல்கலைக்கழகங்களின் புதிய முறைகளை மூத்த உழவர்கள் ஏற்கத் தயங்கிய அக்காலத்தில், பிள்ளைகள் அவற்றைச் செய்து பார்த்து, விளைவைப் பெற்றோருக்குக் காட்டினர். விளைவை உள்ளபடி காட்டுவதே பதிவேட்டின் பயன்; ஆகவே நட்டத்தில் முடிந்த கணக்கையும் திருத்தாமல் அப்படியே விடுங்கள்.

ஆண்டின் நடுவே, மன்றத்தார் முன் ஒரு சிறு செயல்விளக்கம் அளிக்கப் பிள்ளையை ஊக்குவியுங்கள். நாற்று நடுவதோ முயலின் நகம் வெட்டுவதோ போதும். கண்காட்சியில் நடுவர் கேட்கும் கேள்விகளுக்கு அது நல்ல ஒத்திகை. அங்கே பல பிரிவுகளில் டேனிஷ் முறை பின்பற்றப்படுகிறது: ஒருவரை மற்றவரோடு ஒப்பிடாமல், வகுத்த தரத்தோடு ஒப்பிட்டு நீலம், சிவப்பு, வெள்ளை நாடாக்கள் வழங்கப்படும். நடுவர் பேசும்போது பெற்றோர் ஒதுங்கி நின்று, விடையைப் பிள்ளையின் வாயிலிருந்தே வரவிடுவது முறை.

கண்காட்சி முடிந்ததும் பதிவேட்டை நிறைவு செய்து, குறித்த நாளுக்குள் ஒப்படையுங்கள். உறுப்பினர் பதிவை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும் என்பதால், புதிய ஆண்டுக்கான பதிவு தொடங்கும் நாளையும் அப்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.