கருத்தடை மாத்திரையை நிறுத்தியபின் மாதவிடாய்
ஆரம்ப சுகாதார நிலையங்களில் இலவசமாகக் கிடைக்கும் மாலா-என் என்ற கருத்தடை மாத்திரை அட்டையில் 21 ஹார்மோன் மாத்திரைகளும் 7 இரும்புச்சத்து மாத்திரைகளும் இருக்கும். இத்தகைய மாத்திரையை நிறுத்த விரும்புபவர்கள், அட்டையின் நடுவில் விடாமல் முழுவதும் முடித்துவிட்டு நிறுத்தினால், எதிர்பாராத நாளில் உதிரப்போக்கு ஏற்படுவதைப் பெரும்பாலும் தவிர்க்கலாம்.

ஹார்மோன் மாத்திரை நின்ற சில நாள்களில் வருவது இயல்பான மாதவிடாய் அன்று. ஹார்மோன் அளவு குறைவதால் ஏற்படும் உதிரப்போக்கே அது. இயல்பான மாதவிடாய் பொதுவாக 4 முதல் 6 வாரங்களில் வரும் என்றாலும், சுழற்சி சீராகச் சிலருக்கு மூன்று மாதங்கள் வரை ஆகலாம். முன்பு மாத்திரை கட்டுப்படுத்தி வைத்திருந்த வயிற்றுவலி, அதிக உதிரப்போக்கு, முகப்பரு ஆகியவை திரும்பவும் தலைகாட்டலாம். சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை உள்ளவர்களுக்குப் பழைய ஒழுங்கின்மையே வெளிப்படுகிறதே தவிர, அதை மாத்திரை உண்டாக்கியதாகக் கருத வேண்டியதில்லை.

பலர் கவனிக்கத் தவறுவது இதைத்தான்: முதல் மாதவிடாய்க்கு முன்பே கருமுட்டை வெளிப்படுவதால், மாதவிடாயே வராத நிலையிலும் கருத்தரிக்கலாம். ஆகவே குழந்தை இப்போது வேண்டாம் என்பவர்கள் மாத்திரையை நிறுத்திய நாளிலிருந்தே ஆணுறை போன்ற மாற்றுவழியைக் கையாள வேண்டும். மூன்று மாதங்கள் கடந்தும் மாதவிடாய் வராவிட்டால், முதலில் கர்ப்பப் பரிசோதனை செய்துவிட்டு மகளிர் நல மருத்துவரை அணுகவும்.