முடி மெலியும்போது பதற்றத்தில் செய்யும் தவறுகள்

தலை வாரும்போது சீப்போடு கொத்தாக முடி வந்தால் நெஞ்சு பதறத்தான் செய்யும். உடனே ஷாம்பூவை மாற்றுகிறோம். முதல் தவறு அங்கேதான். இன்று கொட்டும் முடிக்கான காரணம் பெரும்பாலும் இந்த வாரத்தில் இருக்காது. கடும் காய்ச்சல், அறுவை சிகிச்சை, பிரசவம், பட்டினி கிடந்து எடை குறைத்தது என ஏதாவது நடந்தால், நிறைய முடி ஒரே நேரத்தில் வளர்வதை நிறுத்திவிடும். அவை உதிர்வதோ 2, 3 மாதம் கழித்து. அதனால் காலண்டரைப் பின்னால் புரட்டிப் பாருங்கள். காரணம் இப்படி ஒன்றாக இருந்தால், உதிர்வு பெரும்பாலும் சில மாதங்களில் தானாகவே அடங்கிவிடும்.

கொட்டுகிறதே என்று தலைக்குக் குளிப்பதைத் தள்ளிப்போடுவது அடுத்த தவறு. நாளுக்கு 50 முதல் 100 முடி விழுவது இயல்பு. 4 நாள் விட்டுக் குளித்தால், 4 நாள் முடியும் சேர்ந்து வந்து பயமுறுத்தும். விழுந்ததை எண்ணுவதைவிட வகிட்டைக் கவனியுங்கள். மாதம் ஒருமுறை, அதே இடத்தில், அதே வெளிச்சத்தில் போட்டோ எடுத்து வையுங்கள். வகிடு அகலமாகிக்கொண்டே போனால் அது பரம்பரையாக வரும் மெலிவாக இருக்கலாம். அதற்கு எண்ணெயை நம்பிக் காலம் கடத்தாமல் தோல் மருத்துவரைப் பாருங்கள். திட்டுத்திட்டாகக் கொட்டினாலும் அப்படித்தான்.

எண்ணெய் வேண்டாம் என்று சொல்லவில்லை. முடி உடையாமல் இருக்க அது உதவும். ஆனால் பொடுகு உள்ள தலையில் இரவெல்லாம் ஊறவிட்டால் பொடுகு கூடும். ரோஸ்மேரி போன்ற செறிவான எண்ணெயை அப்படியே தடவினால் தோல் எரியும். வேறு எண்ணெயில் சில சொட்டு கலந்து, முதலில் கையில் தடவிப் பாருங்கள்.

ரத்தப் பரிசோதனை செய்யாமல் மாத்திரை வாங்கிப் போடுவதுதான் எனக்கு மிகவும் கவலை தருகிறது. மாதவிடாயில் ரத்தப்போக்கு அதிகமுள்ளவர்களுக்கு ஹீமோகுளோபின் சரியாக இருந்தாலும் இரும்புச் சேமிப்பு குறைந்திருக்கலாம். அதை ஃபெரிட்டின் பரிசோதனை காட்டிவிடும். தைராய்டையும் பார்த்துவிடுங்கள். மாத்திரைகளில் இருக்கும் வைட்டமின் ஏ, செலினியம் என்ற தாது இரண்டுமே அளவுக்கு மீறினால் முடியைக் கொட்ட வைக்கும். முடிக்காகப் பலர் சாப்பிடும் பயோட்டின் என்ற வைட்டமின் அதிக அளவில் இருந்தால் தைராய்டு பரிசோதனை முடிவையே தவறாகக் காட்டலாம் என்பதால், சாப்பிடுகிறவர்கள் பரிசோதனைக்கு முன்பே மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும்.

அப்புறம், இறுக்கிக் கட்டுவது. இரவு கொண்டையை அவிழ்த்ததும் தலைத்தோல் வலிக்கிறதா? முடியின் வேர் நாள் முழுக்க இழுபட்டிருக்கிறது என்று அர்த்தம். ஆரம்பத்திலேயே தளர்த்திவிட்டால் முடி திரும்ப வரும். வருடக்கணக்கில் இழுத்தால் அந்த இடத்தில் வராமலே போகலாம். ஈரத்தலையில் சிக்கெடுப்பதும் வேண்டாம், ஈர முடி எளிதில் இழுபட்டு அறுந்துவிடும்.

முடி வளர்வது மாதத்துக்குச் சுமார் 1 செ.மீ.தான். எதைச் செய்தாலும் பலன் தெரிய 3 முதல் 6 மாதம் பிடிக்கும். நெற்றியோரம் நுனி மெலிந்த குட்டி முடிகள் நீட்டிக்கொண்டு நின்றால் அவை புதிதாக முளைத்தவை. கலைந்து தெரிகிறதே என்று அவற்றை இழுத்துப் படிய வைக்காதீர்கள்.