நிலக்கீழ் அறைக்குள் தண்ணீர் வந்தால்: ரொறன்ரோவுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

ஊரில் வீடு கட்டுகிறவர் முதலில் கவனிப்பது அத்திவாரத்தின் உயரத்தைத்தான். மாரி வெள்ளம் முற்றத்தில் நின்றாலும் விறாந்தைக்கு ஏறக்கூடாது என்பதற்காக மூன்று நான்கு படி உயர்த்திக் கட்டுவோம். ரொறன்ரோவுக்கு வருகிறவர்களில் பலர் முதலில் குடியிருக்கப் போவதோ படியிறங்கிச் செல்லும் நிலக்கீழ் அறையில். தண்ணீர் வாசலால் வந்து வாசலாலேயே வடிந்துவிடும் என்று பழகிய நமக்கு, அது துணி துவைக்கும் இயந்திரத்துக்குப் பக்கத்திலுள்ள ஒரு சிறிய வட்டத் தட்டின் துளைகள் வழியாகக் கீழிருந்து மேலே வரும் என்பதும், வந்தபின் தானாகப் போகாது என்பதும் புதிய செய்தி.

எனக்கு அது 2013 யூலை 8 மாலையில் தெரியவந்தது. அன்று பியர்சன் விமான நிலையத்தில் பதிவான மழை 126 மில்லிமீற்றர்; 1954இல் ஹேசல் சூறாவளி வந்த நாளில் அங்கு பெய்ததைவிட அது அதிகம். ரொறன்ரோவின் மேற்குப் பகுதியான எற்றோபிக்கோவில் ஒரு வீட்டின் கீழ்த்தளத்தில் நான் வாடகைக்கு இருந்தேன். முதலில் வந்தது தண்ணீரல்ல, மணம். அதன்பின் வடிகால் தட்டு 'களக் களக்' என்று குமிழிவிட்டது. கால் மணி நேரத்தில் கட்டிலுக்கடியில் வைத்திருந்த பயணப்பெட்டியின் அடிப்பக்கம் ஊறிவிட்டது. குடிவரவுத் தாள்களும் பள்ளிக்கூடச் சான்றிதழ்களும் அதற்குள்தான் இருந்தன. அதைத் தூக்குவதற்காக வெறுங்காலோடு தண்ணீருக்குள் இறங்கினேன். அந்த மாலையில் நான் செய்த பிழைகளில் மிகப் பெரியது அதுவே.

இங்குள்ள வீடுகளில் மின்சாரப் பெட்டி, வெப்பமூட்டும் ஃபர்னஸ், சுடுநீர்த் தாங்கி ஆகிய மூன்றும் பெரும்பாலும் நிலக்கீழ் அறையில்தான் இருக்கும். தண்ணீர் சுவரிலுள்ள மின்செருகிகளை எட்டியிருந்தாலோ எட்டும்போல் தெரிந்தாலோ உள்ளே இறங்கக்கூடாது; படியில் நின்றபடி மின்சார நிறுவனத்தை அழைத்து வீட்டுக்கு வரும் மின்னிணைப்பைத் துண்டிக்கச் சொல்ல வேண்டும். மின்சாரப் பெட்டியை அடைவதற்குத் தண்ணீரில் நடக்க வேண்டியிருந்தால், அந்தப் பெட்டி உங்களுக்கு எட்டாத இடத்தில் இருப்பதாகவே எண்ணிக்கொள்ளுங்கள். எரிவாயு மணம் வந்தால் விளக்கைக்கூடப் போடாமல் வெளியேறி, வெளியிலிருந்து அழைக்க வேண்டும். கீழ்த்தளத்தில் உறங்குகிறவர்கள், கடும் மழை பெய்யும் இரவில் வடிகாலில் சத்தம் கேட்டாலே பிள்ளைகளை எழுப்பிக்கொண்டு மேலே போய்விடுவது நல்லது. பொருளை எடுக்கலாம் என்று தாமதித்தால், வெளிப்படிக்கட்டில் நிறைந்த தண்ணீர் கதவைத் திறக்கவிடாமல் அழுத்திவிடக்கூடும்.

தண்ணீர் எந்த வழியால் வந்தது என்பதை அன்றே கண்டறிய வேண்டும். காப்புறுதிப் பணம் கிடைக்குமா என்பது பெருமளவு அதிலேயே தங்கியிருக்கிறது. நகரத்தின் கழிவுநீர்க் குழாய் கொள்ளளவை மீறி நிறைந்து உங்கள் வீட்டு வடிகால் வழியாகத் திரும்பி வருவது ஒரு வகை. தெருவிலும் முற்றத்திலும் ஓடும் மழைநீர் ஜன்னல், கதவு வழியாகப் புகுவது வேறொரு வகை. அத்திவாரச் சுவரின் வெடிப்புகளால் மெல்லக் கசிவது மூன்றாவது. சாதாரண வீட்டுக் காப்புறுதியில் முதலிரண்டும் பெரும்பாலும் தாமாக அடங்கியிருப்பதில்லை. ஒவ்வொன்றையும் தனித்தனியே மேலதிகப் பணம் கட்டிச் சேர்க்க வேண்டும். தரைமேல் வரும் வெள்ளத்துக்கான பாதுகாப்பைக் கனடிய நிறுவனங்கள் வீட்டுக்காரருக்கு விற்கத் தொடங்கியதே 2015 அளவில்தான். மூன்றாவது வகையான கசிவுக்குப் பெரும்பாலான ஒப்பந்தங்கள் பணம் தருவதில்லை. 'ஃபுல் கவரேஜ் இருக்கிறது' என்று முகவர் வாயால் சொன்னதை நம்பாமல், இந்த மூன்றையும் பெயர் சொல்லிக் கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

நம்மவர்களின் சுத்த உணர்வு இந்த இடத்தில் நமக்கே எதிராகிவிடுகிறது. கழிவுநீர் தொட்ட பொருளை வீட்டுக்குள் ஒரு மணி நேரம்கூட வைத்திருக்க மனம் வராது. விருந்தினர் பார்த்துவிடுவார்களோ என்ற கூச்சமும் சேர்ந்துகொள்ளும். எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம், மெத்தை, சோஃபா, காப்பெட் எல்லாவற்றையும் அன்றிரவே கறுப்புப் பைகளில் கட்டித் தெருவோரத்தில் வைத்து, மறுநாள் குப்பை வண்டியோடு அனுப்பிவிட்டுப் பின்னரே காப்புறுதி நிறுவனத்தை அழைத்தது. அவர்களிடம் காட்டுவதற்கு ஈரமான சீமெந்துத் தரையைத் தவிர எதுவும் மிஞ்சவில்லை. ஆகவே எதையும் அகற்றுமுன், சுவரில் தண்ணீர் நின்ற மட்டம் தெரியும்படியும், ஒவ்வொரு பொருளின் மாதிரி இலக்கம் தெரியும்படியும் படங்கள் எடுங்கள். காப்பெட்டில் ஒரு சாண் துண்டை வெட்டி வைத்துக்கொள்ளுங்கள். வாளி, கையுறை, வாடகைப் பம்ப் ஆகியவற்றின் பற்றுச்சீட்டுகளையும் சேர்த்து வையுங்கள்.

ரொறன்ரோ நகரத்துக்குள் இருப்பவர்கள் நகரசபையின் 311 இலக்கத்தை அழைத்து முறையிட வேண்டும். அடைப்பு நகரத்தின் குழாயிலா, வீட்டின் குழாயிலா என்று பார்ப்பதற்கும், உங்கள் முறைப்பாடு பதிவில் இருப்பதற்கும் இது உதவும். அடைப்பு வீட்டுக் குழாயில்தான் என்று முடிவானால் அதற்குக் காரணம் பல வேளைகளில் நம் சமையலறைதான். பொரித்த எண்ணெயையும் இறைச்சிக் கறியின் கொழுப்பையும் கழுவுதொட்டியில் ஊற்றினால், பனிக்காலத்துக் குளிரில் அது குழாய்க்குள் மெழுகுபோல் உறைந்து ஆண்டுக்கணக்காகத் தடித்துக்கொண்டே போகும்.

நிலக்கீழ் அறையில் தண்ணீர் ஆழமாக நின்றால் ஒரேயடியாக இறைக்க வேண்டாம். வெளியே மண் ஊறிக் கனத்திருக்கும்போது உள்ளே திடீரென வெறுமையானால் அத்திவாரச் சுவர் உள்நோக்கிச் சரியக்கூடும். சிறிது சிறிதாக, நாட்கணக்கில் இறைப்பதே முறை. கணுக்கால் அளவுத் தண்ணீரென்றால் அந்த அச்சமில்லை, விரைந்து அகற்றலாம். அதன்பின் நேரம் மிகக் குறுகியது: 24 முதல் 48 மணி நேரத்துக்குள் உலராத இடத்தில் பூஞ்சணம் பிடிக்கத் தொடங்கும். இங்குள்ள உட்சுவர்கள் கல்லோ சீமெந்தோ அல்ல, ட்ரைவால் எனப்படும் அட்டை. அது விளக்குத்திரிபோல் தண்ணீரை மேலே உறிஞ்சும். ஆகவே நனைந்த மட்டத்துக்கு மேலே ஓர் அடியாவது விட்டு வெட்டி, பின்னாலுள்ள, குளிரைத் தடுக்கும் இன்சுலேஷனையும் எடுத்துவிட வேண்டும். மேலே பிளீச் பூசிவிட்டு இருந்தால் வெள்ளையாகத் தெரியும். உள்ளே பூஞ்சணம் வளர்ந்துகொண்டிருக்கும்.

கழிவுநீர் பட்ட மெத்தை, தலையணை, காப்பெட், பஞ்சு வைத்த நாற்காலி எதையும் காப்பாற்ற முயல வேண்டாம். தரையில் வைத்திருந்த அரிசி மூட்டை, ஊரிலிருந்து வந்த மிளகாய்த்தூள் ஆகியவற்றையும் மனதைக் கல்லாக்கிக்கொண்டு எறியத்தான் வேண்டும். மின்சாரம் போயிருந்தால் நிறைந்த ஃப்ரீசர் திறக்காதவரை ஏறத்தாழ 48 மணி நேரம் தாக்குப்பிடிக்கும். மீனும் ஆட்டிறைச்சியும் எப்படி இருக்கின்றன என்று அடிக்கடி திறந்து பார்ப்பதுதான் அவற்றைக் கெடுக்கும். நனைந்த ஆவணங்களைப் பொலித்தீன் பையில் இட்டு மின்சாரம் உள்ள ஒரு ஃப்ரீசரில் உறையவைக்கலாம். பூஞ்சணம் பிடிக்காமல் பின்னர் ஆறுதலாகப் பிரித்து உலர்த்த முடியும். என் சான்றிதழ்கள் அப்படித்தான் தப்பின, ஓரத்தில் ஒரு பழுப்புக் கறையோடு.

வாடகைக்கு இருப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். ஒன்ராறியோவின் சட்டப்படி குடியிருப்பைத் திருத்தித் தருவது வீட்டு உரிமையாளரின் பொறுப்பு. ஆனால் அவருடைய காப்புறுதி உங்கள் மடிக்கணினிக்கோ உடுப்புக்கோ பணம் தராது. அதற்கு வாடகையாளர் காப்புறுதியை நீங்களே எடுக்க வேண்டும். அவர் திருத்தாமல் இழுத்தடித்தால் வாடகையை நிறுத்திவைக்காதீர்கள், அது வெளியேற்ற வழக்குக்கே வழிவிடும். எழுத்தில் கேட்டுவிட்டு, வீட்டு உரிமையாளர் மற்றும் வாடகையாளர் சபைக்கு, திருத்தவேலை பற்றிய முறைப்பாட்டுக்கான T6 படிவத்தில் விண்ணப்பியுங்கள். கீழ்த்தளத்தை வாடகைக்கு விடுகிற நம்மவர்களுக்கும் ஒரு சொல்: அதைக் காப்புறுதி நிறுவனத்துக்கு அறிவிக்காமல் விட்டிருந்தால், மாதம் சில டொலர் மிச்சப்படுத்தியதற்காக முழு இழப்பீடும் மறுக்கப்படலாம். வெள்ளம் வடிந்த மறுநாளே கதவைத் தட்டும் திருத்துநர்களிடம் அவசரப்பட்டுக் கையெழுத்திட வேண்டாம். இட்டுவிட்டால், வீட்டில் வைத்துச் செய்த ஒப்பந்தத்தைப் பத்து நாட்களுக்குள் இரத்துச் செய்யும் உரிமை உண்டு.

சொந்த வீடு வாங்குகிறவர்கள் கழிவுநீர் திரும்பி வராமல் தடுக்கும் வால்வும், நிலக்கீழ் குழியில் சேரும் தண்ணீரை வெளியே தள்ளும், பற்றரியோடு கூடிய சம்ப் பம்பும் இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். இவற்றைப் பொருத்துவதற்கு ரொறன்ரோ நகரம் மானியம் தருகிறது. அண்டை நகரங்கள் சிலவற்றிலும் உண்டு. வால்வு மூடியிருக்கும்போது உங்கள் வீட்டுக் கழிவுநீரும் வெளியேற வழியில்லை என்பதைப் பலர் அறியார்கள். கடும் மழையின்போது மேல்மாடியில் குளித்தால் அந்தத் தண்ணீரே கீழ்த்தளத்தில் வந்து நிற்கும். கூரைப் பீலியின் குழாய் அத்திவாரத்திலிருந்து ஆறடியாவது தள்ளிப் புல்வெளியில் ஊற்றட்டும்.

வெளிப்படிக்கட்டின் அடியிலும் உள்ளங்கையளவு வடிகால் ஒன்று இருக்கும். மேப்பிள் மரத்தின் இரண்டு இலை ஒட்டிக்கொண்டாலே அது அடைபட்டுவிடும். 2024 யூலை 16 அன்று மூன்று மணி நேரத்துக்குள் 97 மில்லிமீற்றருக்கு மேல் கொட்டியபோது, நான் குடை பிடிக்க மறந்து அந்தப் படியில் குனிந்து இலைகளைக் கையால் அள்ளிக்கொண்டிருந்தேன். தண்ணீர் கதவின் கீழ்க்கட்டைக்கு இரண்டு விரல் கீழே நின்றது.