பிள்ளையின் குரலில் பணம் கேட்டால், வைத்துவிட்டு நீங்களே கூப்பிடுங்கள்

"அம்மா, விபத்தாயிடுச்சு, உடனே பணம் அனுப்பு" என்று பிள்ளையின் குரலிலேயே போன் வந்தால், வைத்துவிடுங்கள். போனில் ஏற்கெனவே பதிந்துள்ள அவர் பெயரைத் தேடி நீங்களே கூப்பிடுங்கள்.

செயற்கை நுண்ணறிவு ஒரு குரலை நகலெடுக்கச் சில விநாடிப் பதிவே போதும். இன்ஸ்டாகிராம் வீடியோ ஒன்றே அதற்குக் கிடைத்துவிடும். திரையில் தெரியும் எண்ணையும் போலியாகக் காட்டலாம். ஆனால் நீங்கள் போடும் அழைப்பு அவருடைய சிம்முக்குத்தான் போகும். குரலை ஆராய்ந்துகொண்டிருக்காதீர்கள், காது ஏமாறும்.

பிள்ளையின் போன் திருடுபோயிருந்தாலோ, சிம் மாற்று மோசடியில் (அவர் எண்ணுக்கு மோசடிக்காரர் வேறு சிம் வாங்கிவிடுவது) எண் கைமாறியிருந்தாலோ இந்த வழி பலிக்காது. அதற்கு, வீட்டார் மட்டும் அறிந்த ஒரு ரகசியச் சொல்லை முன்பே நேரில் பேசி வைத்திருக்க வேண்டும். பணம் போய்விட்டதென்றால் இந்தியாவில் சைபர் குற்ற உதவி எண்ணான 1930-ஐ உடனே அழையுங்கள். பணம் அடுத்த கணக்குக்கு நகரும் முன் முடக்க வாய்ப்புண்டு.